அளவையை நீக்கிய அறிமுகம்: வில் டியூரண்டின் மெய்யியல் நூலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மெய்யியலைப் பொதுவாசகர்க்கு எடுத்துரைக்கும் நூல்கள் இருவகைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகின்றன. துறைவல்லார் அவற்றை ஆழமற்றவை என ஒதுக்குவர்; பொதுவாசகரோ அவற்றையே முடிந்த முடிபாகக் கொள்வர். இவ்விரு நிலைகளும் நூலை மதிப்பிடுவன ஆகா. எளிதாக எழுதப்பட்டது என்பதனாலேயே ஒரு நூல் குறைவுடையதாகிவிடாது. பலரால் படிக்கப்பட்டது என்பதனாலேயே நிறைவுடையதாகியும் விடாது. எளிமையாக்கும்போது எதனை வைத்துக்கொண்டார், எதனை விட்டுவிட்டார், விட்டதனை வாசகர்க்குச் சொன்னாரா என்னும் வினாக்களே மதிப்பீட்டுக்கு அடிப்படையாதல் வேண்டும். இந்நோக்கில் இருபதாம் நூற்றாண்டில் உலக அளவில் மிகுதியாகப் படிக்கப்பட்ட மெய்யியல் அறிமுக நூல்களுள் ஒன்றாகிய வில் டியூரண்டின் 'மெய்யியலின் கதை' (1926) இங்கு ஆராயப்பெறுகிறது. தமிழ் ஆய்வாளர் இந்நூலைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மேலைநாட்டுக் கோட்பாடு பற்றிய இயல் ஒன்றினைத் தொடக்கத்தில் வைக்கும் ஆய்வேடுகள் பல, மூலநூல்களைக் காணாமல் இத்தகைய அறிமுக நூல்களைக் கொண்டே அவ்வியலை அமைத்துக்கொள்கின்றன. எனவே இவற்றின் வலிமையும் வரம்பும் நம் ஆய்வுத்தரத்தோடு நேரடித் தொடர்புடையன.

டியூரண்ட் 1885இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். கத்தோலிக்கக் கல்விச் சூழலில் வளர்ந்து, பின்னர் அதனின்றும் விலகி, சமதருமச் சார்புடையவரானார். 1917இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பட்டத்திற்குரிய ஆய்வேடே, மெய்யியல் சமூகச் சிக்கல்களினின்று விலகி நின்றதனால்தான் தன் செல்வாக்கை இழந்தது என்னும் கருத்தை வலியுறுத்துவது. இதனை மனத்திற்கொண்டால் அவருடைய பிற்காலத் தெரிவுகள் பல விளங்கும். நியூயார்க்கிலிருந்த லேபர் டெம்பிள் என்னும் இடத்தில், பகலெல்லாம் உழைத்து மாலையில் வந்தமரும் தொழிலாளர்க்கு அவர் பல்லாண்டுகள் சொற்பொழிவாற்றினார். பிளேட்டோவைப் பற்றிய அவருடைய பேச்சு ஒன்றைக் கேட்ட கான்சாஸ் மாநிலத்துப் பதிப்பாளர் ஹால்ட்மன் ஜூலியஸ், தாம் வெளியிட்டுவந்த 'சிறு நீலப் புத்தகங்கள்' என்னும் ஐந்து சென்ட் வரிசைக்கு அதனை எழுதித்தருமாறு வேண்டினார். அவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வந்த சிற்றேடுகளே 1926இல் ஒருநூலாகத் தொகுக்கப்பெற்றன. இந்நூலின் இயல்பு முழுவதற்கும் இப்பிறப்பு வரலாறே திறவுகோல். வகுப்பறைக்கென எழுதப்பெற்று மக்களுக்கு எளிதாக்கப்பட்டதன்று இது; மேடையில் பேசப்பெற்று நூலானது. எதிரே அமர்ந்திருப்பவர் களைப்புற்றவர், ஆயினும் தாமாக விரும்பி வந்தவர் என்னும் உணர்வு இதன் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளது.

நூலின் சிறப்பினை முதலில் கூறுதல் முறை. ஸ்பினோசாவைப் பற்றிய இயல், பொதுவாசகர்க்கு எழுதப்பட்ட மெய்யியல் உரைநடையில் உயர்ந்த இடத்தில் வைக்கத்தக்கது. யூதர்களின் இடப்பெயர்வு வரலாற்றில் தொடங்கி, ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சமூகத்தின் அச்சங்களைக் காட்டி, 1656இல் இளைஞராகிய ஸ்பினோசா சமூகநீக்கம் செய்யப்பட்டதனைச் சொல்லி, அதன்பின்னரே அவருடைய கோட்பாட்டுக்குள் நுழைகிறார் டியூரண்ட். இவ்வரிசை வெறும் கதைச்சுவைக்காக அமைந்ததன்று. கடவுளும் இயற்கையும் ஒன்று என்னும் கூற்று, அதனைச் சொன்னவருக்கு என்ன விலையாயிற்று என்பது தெரிந்த பின்னரே அதன் எடை வாசகர்க்குப் புலனாகும். இதனினும் குறிப்பிடத்தக்கது அவர் தரும் படிப்புமுறை. ஸ்பினோசாவின் 'அறவியல்' நூலை ஒரே மூச்சில் படித்துவிடலாகாது, சிறிது சிறிதாகப் பல அமர்வுகளில் படிக்கவேண்டும், முடித்தபின் உரைநூல் ஒன்றைக் கற்கவேண்டும், பின்னர் மீண்டும் மூலத்தையே படிக்கவேண்டும் என்று அறிவுறுத்துகிறார். மூலம், உரை, மீண்டும் மூலம் என்னும் இவ்வரிசை உரைமரபில் வளர்ந்த தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. தம் நூலைப் படித்தாலே போதும் என்று கூறாத அறிமுகவாசிரியர் அரியர். அவ்வகையில் டியூரண்ட் நேர்மையானவர். மூலநூல்களிலிருந்து அவர் தாராளமாக மேற்கோள் தருவதும் இந்நேர்மையின் பாற்பட்டதே. தம் குரலை மட்டுமன்றி மெய்யியலாரின் குரலையும் வாசகர் கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

வால்டேர் இயலும் இத்தகையதே. வால்டேரை மெய்யியலார் வரிசையில் வைக்கலாமா என வினவுவார் உளர். கருத்துகள் நூல்களுக்குள் மட்டும் வாழ்வதில்லை, அவை நாடகத்திலும் கடிதத்திலும் வழக்குமன்றத்திலும் வாழ்வன என்று கருதும் ஒருவர்க்கு அவ்வினா பொருட்டன்று. இதுவரை டியூரண்டோடு உடன்படுதல் எளிது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. நூலின் தொடக்கத்தில் வாசகர்க்கு எழுதிய முன்னுரையிலேயே, இது முழுமையான மெய்யியல் வரலாறன்று, சில பேராளுமைகளை மையமாகக் கொண்டு அறிவினை மானிடப்படுத்தும் முயற்சி என்று அவர் கூறிவிடுகிறார். சாக்ரடீசுக்கு முற்பட்டோர், ஸ்டாயிக்கர், எபிக்கூரியர், இடைக்கால இறையியலார் ஆகியோர்க்குப் போதிய இடம் தரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். அத்தோடு அறிவாராய்ச்சியியலையும் விலக்கிவைத்ததாகச் சொல்லி, இத்துறை நவீன மெய்யியலைக் கடத்திக்கொண்டுபோய் ஏறத்தாழ அழித்தேவிட்டது என்னும் பொருள்படக் கடிந்துரைக்கிறார்; அறிதல் நிகழ்வினை ஆராய்வது உளவியலுக்குரிய பணி என்பது அவர் நிலைப்பாடு. முன்னைய விடுபாடுகள் இடமின்மையால் நேர்ந்தவை. இதுவோ கொள்கையால் நேர்ந்தது. பின்னைய பதிப்பின் முன்னுரையில் இக்குறையைச் சுட்டியோர்க்கு அவர் தரும் விடையும், அத்துறைக்குரிய பங்கு காண்ட் இயலில் தரப்பட்டுவிட்டது என்னும் எள்ளல் கலந்த ஒன்றே.

அறிவாராய்ச்சியியலைத் தமிழ் மெய்யியல் நூல்கள் அளவை என்னும் பெயரால் வழங்கின. எதனை அறிகிறோம் என்பதற்கு முன் எதனால் அறிகிறோம் என்பதை வரையறுத்தல் அதன் பணி. மணிமேகலையில் வஞ்சி மாநகரத்துச் சமயக் கணக்கரிடம் மணிமேகலை அவரவர் பொருளைக் கேட்கும் காதையில் முதலில் பேசுபவன் அளவைவாதி. அளவைகள் பத்தினையும், அளவை போலத் தோன்றி அளவை அல்லாதன எட்டினையும் அவன் விரித்துரைத்த பின்னரே பிற சமயத்தார் வருகின்றனர். காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருமம் கூறத் தொடங்கும்போதும் காண்டல், கருத்து என்னும் இரண்டே அளவை என்பதே தொடக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் சுபக்கமும் அளவையிலேயே தொடங்கிப் பலவாகக் கூறப்படுவனவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றினுள் அடக்கும். தம்முள் கடுமையாக மாறுபட்ட பௌத்தமும் சைவமும் இவ்வொன்றில் ஒத்து நின்றன என்பது சிந்திக்கத்தக்கது. அளவையில் உடன்பாடோ தெளிவான வேறுபாடோ இல்லாதவிடத்து வாதம் நிகழாது, கூச்சலே நிகழும்.

இந்நோக்கில் டியூரண்ட் நூலின் பக்க ஒதுக்கீட்டைப் பார்த்தால் அதன் கோணல் விளங்கும். ஹெர்பர்ட் ஸ்பென்சருக்கு ஒரு முழு இயல். டேவிட் ஹியூமுக்கு, காண்ட் இயலின் முன்னோட்டத்துள் ஓரிரு பக்கங்கள். டெக்கார்ட், ஸ்பினோசாவின் கல்விப் பின்னணியில் வந்துபோகும் ஒரு பெயர். ஹெகல், காண்டைத் தொடர்ந்த ஒரு பிற்குறிப்பு. ஸ்பென்சர் 1926இல்கூடச் சரிந்துகொண்டிருந்த ஒரு புகழ். இன்று அவரைப் படிப்பார் மிகச் சிலர். டியூரண்டின் தலைமுறைக்கு ஸ்பென்சர் பெரியவராகத் தோன்றியமை இயல்பே என்று சிலர் அமைதி கூறுவர். ஆனால் ஹியூமின் சுருக்கத்திற்கு அவ்வமைதி பொருந்தாது. ஒரு நிகழ்ச்சி மற்றொன்றனுக்குக் காரணம் என்கிறோமே, அக்காரணத்தைக் கண்டதுண்டா, அல்லது ஒன்றன்பின் ஒன்று வருவதை மட்டுமே கண்டோமா என்னும் ஹியூமின் வினா பின்வந்த மெய்யியலையே திசைதிருப்பிற்று. காண்ட் 1781இல் வெளியிட்ட பெருநூல் இவ்வினாவுக்கு விடையாகப் பிறந்தது. டியூரண்ட் இதனை அறியாதவர் அல்லர், சொல்லவும் செய்கிறார். ஆனால் வினாவின் கூர்மை வாசகரைத் தைக்குமுன், பருப்பொருளும் மனமும் ஒருசேரப் பறிபோயின என்னும் பொருள்பட அக்காலத்தில் வழங்கிய சிலேடை ஒன்றைச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். வாசகர் சிரிக்கிறார், வினா மறைந்துவிடுகிறது. பின்னர்க் காண்ட் இவ்வளவு உழைத்தது எதற்காக என்பது அவ்வாசகர்க்கு விளங்குவதில்லை. நாள்தோறும் குறித்த நேரத்தில் உலாவச் சென்ற, ஊரார் பார்த்துக் கடிகாரம் திருத்திக்கொண்ட ஒரு விந்தையான பேராசிரியரே அவர் நினைவில் எஞ்சுகிறார். காண்டை அறியக் காண்டின் நூலைக் கடைசியில் நாடினால் போதும் என்னும் டியூரண்டின் நகைமொழி, ஸ்பினோசாவுக்கு அவரே வகுத்த படிப்புமுறைக்கு நேர்மாறானது என்பதையும் இங்குச் சுட்டவேண்டும்.

பொதுவாசகரால் நுண்ணிய வாதத்தைத் தாங்க இயலாது, ஆகவே வாழ்க்கையும் நடையும் போதும் என்பது இத்தகைய நூல்களின் சொல்லப்படாத ஊகம். இவ்வூகம் சரியானதுதானா? மணிமேகலையே மறுக்கிறது. சமயக் கணக்கருள் இறுதியில் வருபவன் பூதவாதி. ஆத்திப்பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் சேரக் களிப்பு பிறத்தல்போலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்பது அவன் கொள்கை. கண்கூடாகக் காண்பதன்றிக் கருதலை அவன் ஏலான். அவனை நோக்கி மணிமேகலை நகைத்துக் கேட்பது ஒரே வினா: உன் தாயும் தந்தையும் இன்னார் என்பதைக் கருதலால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய்? அனுமானத்தை முற்றாக மறுக்கும் ஒருவன் தன் பெற்றோரையும் இழக்க நேரும் என்னும் தருக்கம் இதனுள் அடங்கியுள்ளது. கலைச்சொல் ஒன்றும் இல்லை. எழுத்தறியாதவர்க்கும் இது விளங்கும். அதேவேளை வாதத்தின் உறுதி சிறிதும் குறையவில்லை. பூதவாதியின் கொள்கையும் கேலிச்சித்திரமாக்கப்படவில்லை. மதுக்களிப்பு உவமை இன்றும் உணர்வுத்தோற்றம் பற்றிப் பேசுவார் எடுத்தாளக்கூடிய வலிமையுடையது. ஹியூமும் பூதவாதியும் ஒன்றே என்று கூறுதல் பொருந்தாது. ஹியூம் கருதலின் பயனை மறுத்தவர் அல்லர். அதன் அடிப்படை பகுத்தறிவன்று, பழக்கமே என்றவர். ஆயினும் இருவரும் கைவைத்த இடம் ஒன்றே. அவ்விடத்தை ஒரு காப்பியம் தன் கதைமாந்தரின் வாயில் வைத்து விளக்க முடிந்தது என்றால், தேர்ந்த உரைநடையாளராகிய டியூரண்டால் இயலாதென்பதற்கில்லை. அவர் அதனை விரும்பவில்லை என்பதே உண்மை.

மற்றொரு குறை ஷோப்பன்ஹவர் இயலில் வெளிப்படுகிறது. இவ்வியல் தொடங்கும் முறை பாராட்டத்தக்கது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின்னர் ஐரோப்பா முழுவதும் பரவிய சோர்வினைத் தீட்டி, அக்காலத்துக் கவிஞரும் இசைவாணரும் ஒருங்கே துயரம் பாடியது ஏன் என வினவி, அவ்வினாவின் நடுவே ஷோப்பன்ஹவரை நிறுத்துகிறார். ஆனால் இறுதியில் கோட்பாட்டை மதிப்பிடும்போது, இத்தகைய மெய்யியலுக்கு இயல்பான மறுமொழி அக்காலத்தையும் அம்மனிதரையும் பற்றிய மருத்துவக் குறிப்பே என்னும் நிலைக்கு வந்துவிடுகிறார். மணம் புரியாமை, தாயன்பு இன்மை, தனித்த விடுதி வாழ்வு ஆகியவை துன்பக் கோட்பாட்டின் காரணங்களாக அடுக்கப்படுகின்றன. இவை உண்மையாகவே இருக்கலாம். எனினும் ஒருவர் ஒரு கருத்துக்கு ஏன் வந்தார் என்பது வேறு. அக்கருத்து சரியா என்பது வேறு. நோய்க்குறி கூறுதல் மறுப்பாகாது. இவ்வாறே நோக்கினால், உலகம் இனிது என்ற டியூரண்டின் கொள்கையும் நல்ல இல்லறம் வாய்த்ததன் விளைவு எனத் தள்ளிவிடலாமே!

சித்தியார் பரபக்கத்தின் அமைப்பை இதனோடு ஒப்பிடுதல் பயனுடையது. உலகாயதன் முதலாகப் பதினான்கு கொள்கையினரை அருணந்தியார் மறுக்கிறார். ஒவ்வொருவர் கொள்கையும் முதலில் அவர்தம் கூற்றாகவே நிறுத்தப்பெறும்; மறுப்பு அதன்பின் தனியே வரும். உலகாயதன் எத்தகைய ஒழுக்கமுடையவன், யாரிடம் வளர்ந்தான் என்பன அங்கு வாதத்துள் நுழைவதில்லை. எள்ளல் உண்டு, சில இடங்களில் கடுமையும் உண்டு. ஆனால் எள்ளல் வாதத்தோடு வருவதேயன்றி வாதத்துக்குப் பதிலாக வருவதில்லை. எதிரியின் கொள்கையை அவனே ஒப்பும் வகையில் எடுத்துரைத்தல் என்பது அன்று அடிப்படை ஒழுக்கமாக இருந்தது. இழந்துபோன சமயநூல்களின் கருத்துகள் சிலவற்றை இன்று மறுத்தோரின் நூல்வழியாகவே அறிகிறோம் என்றால் அதற்கு இவ்வொழுக்கமே காரணம். குண்டலகேசியின் நிலைப்பாடுகளை நீலகேசியின் வழி அறிவது தமிழாய்வாளர் நன்கறிந்த செய்தி. டியூரண்டின் இயலை மட்டும் வைத்துக்கொண்டு ஷோப்பன்ஹவரின் வாதத்தை மீட்டெடுக்க முடியுமா என எண்ணிப் பார்த்தால் வேறுபாடு புலனாகும். மனிதரை மீட்கலாம்; மனநிலையை மீட்கலாம்; வாதத்தை மீட்டெடுத்தல் அரிது.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 'மேலைநாட்டு மெய்யியல் வரலாறு' (1945) இவ்விடத்தில் பலராலும் மாற்றாகக் காட்டப்பெறும். ரஸ்ஸல் தாமே மெய்யியலார். லைப்னிட்ஸ் பற்றி 1900இலேயே தனிநூல் எழுதியவராதலால் அவ்வியலில் வாதத்தின் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிகிறது. தமக்குப் பிடிக்காதவரிடத்து அவர் காட்டும் அநீதி டியூரண்டின் அநீதியினும் பெரிது. நீட்சே இயலே சான்று. ஆயினும் ரஸ்ஸல் வாதிட்டு அநீதி இழைக்கிறார். வாசகர் எதிர்வாதிட இடம் உண்டு. பிரயன் மகீ 1978இலும் 1987இலும் பிபிசி தொலைக்காட்சிக்காக நடத்திய உரையாடல்கள் மூன்றாவது வழி. அங்கு அறிமுகம் செய்பவர் தாமே விடை சொல்லாமல், துறைவல்லாரிடம் பொதுவாசகர் கேட்கக்கூடிய வினாவைக் கேட்கிறார். சமயக் கணக்கரிடம் மணிமேகலை ஏற்ற பங்கும் ஏறத்தாழ இதுவே.

இந்திய மெய்யியலை டியூரண்ட் கையாண்ட முறையையும் தனியே நோக்கவேண்டும். 1926ஆம் ஆண்டு நூலில் இந்தியாவும் சீனாவும் அறவே இல்லை. இக்குறையை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். நாகரிக வரலாற்றுக்குச் செய்தி திரட்ட இந்தியா வந்தபோது கண்ட வறுமை அவரை உலுக்கிற்று. 1930இல் 'இந்தியாவின் வழக்கு' என்னும் சிறுநூலில் ஆங்கிலேய ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். தாம் மேற்கொண்ட பெரும்பணியை ஒதுக்கிவைத்து அயல்நாட்டு மக்களுக்காகப் பேசிய இச்செயல் நன்றியுடன் நினைக்கத்தக்கது. பின்னர் 1935இல் வெளிவந்த நாகரிக வரலாற்றின் முதல் தொகுதியில் சார்வாகர், மகாவீரர், புத்தர், ஆறு தரிசனங்கள், சங்கரர் என விரிவாகவே எழுதினார். 1975 வரை பதினொரு தொகுதிகளாக நீண்ட அவ்வரிசையில் பிற்பகுதிகளை மனைவி ஏரியலோடு இணைந்து எழுதினார். பத்தாம் தொகுதிக்கு 1968இல் இருவரும் புலிட்சர் பரிசு பெற்றனர். ஆனால் அவ்வரிசையின் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. எகிப்து, மேற்காசியா ஆகியவற்றோடு இந்தியாவும் சீனாவும் சப்பானும் தொடக்ககாலம் முதல் நூலாசிரியரின் காலம் வரை அம்முதல் தொகுதியிலேயே முடிந்துவிடுகின்றன. எஞ்சிய பத்தும் கிரேக்கம் முதலாக ஐரோப்பாவை நடுவாகக் கொண்டு நகர்வன. நான்காம் தொகுதியில் இசுலாமிய நாகரிகம் இடம்பெறுவதே குறிப்பிடத்தக்க விலக்கு. மரபுரிமை என்னும் தலைப்பின்கீழ்க் கீழ்த்திசை வைக்கப்படும்போது, வாழும் காந்தியடிகளும்கூடப் பழம்பொருளின் வரிசையில் நின்றுவிடுகிறார். பாராட்டு நிறைந்த பக்கங்களுக்குள்ளும் இவ்வரிசைமுறை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

ஆறு தரிசனங்கள் என்னும் சட்டகமும் நமக்கு உடன்பாடானதன்று. வடமொழி நூல்களின் வழி ஐரோப்பிய அறிஞர் பெற்றுக்கொண்ட சட்டகம் அது. சைவ சித்தாந்தத்திற்கு அதில் இடமில்லை, ஆசீவகத்திற்கும் இல்லை. மணிமேகலையும் சித்தியாரும் தரும் பட்டியல்கள் இதனின் வேறானவை, தம்முள்ளும் வேறானவை. இப்பட்டியல்களை ஒப்பிட்டு, எக்காலத்தில் எக்கொள்கை எதிர்கொள்ளத்தக்கதாகக் கருதப்பட்டது என ஆராய்ந்தால் தென்னிந்தியச் சிந்தனை வரலாறு ஒன்றனைக் கட்டமைக்க இயலும். டியூரண்டிடம் இதனை எதிர்பார்த்தல் முறையன்று. நம்மிடம் எதிர்பார்க்கலாம்.

ஆனால் நம் நடைமுறை என்ன? மணிமேகலைக் கதைச்சுருக்க நூல்கள் பலவற்றில் சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதையும் தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையும் ஓரிரு வரிகளில் கடக்கப்படுகின்றன. கதையோட்டத்தைத் தடுப்பன, கலைநயம் அற்றன, மாணவர்க்குக் கடினமானவை என்பன வழக்கமான காரணங்கள். வகுப்பறைகளிலும் அமுதசுரபியும் ஆதிரையும் நிற்க, அளவைவாதி வெளியேற்றப்படுகிறான். தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ்த்துறைகளில் பயிற்றுவோர்க்கு இது மேலும் உறுத்தும். பிறமொழித்துறை மாணவர் நியாய நூல்களையும் பௌத்த அளவை நூல்களையும் பற்றிப் பேசும் அவையில், அவற்றோடு நேர்நிறுத்தத்தக்க தமிழ்ப்பகுதி ஒன்று தம் பாடநூலிலேயே இருப்பதை நம் மாணவர் அறியாதிருக்கின்றனர். அறிவாராய்ச்சியியல் மக்களுக்கு வேண்டாம் என டியூரண்ட் கொள்கையளவில் கூறியதை நாம் பாடத்திட்ட அளவில் செய்துவருகிறோம்.

ஆய்வேடுகளில் டியூரண்டையும் அவரையொத்தாரையும் எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றி ஒன்று கூறலாம். ஒரு மெய்யியலாரின் காலம், சூழல், வாழ்க்கை, அவர் நூல்களின் வரவேற்பு ஆகியவற்றுக்கு அவர் நல்ல வழிகாட்டி. ஒரு கோட்பாட்டின் வாதமுறைக்கு அவரைச் சான்றாகக் காட்டுதல் கூடாது. காரணகாரியம் பற்றிய ஹியூமின் கருத்தை மணிமேகலையோடு ஒப்பிட விரும்பும் ஆய்வாளர், டியூரண்டின் ஓரிரு பக்கங்களை மூடிவைத்துவிட்டு ஹியூமின் 'மனித அறிவு பற்றிய ஆய்வு' என்னும் 1748ஆம் ஆண்டு நூலின் நான்காம், ஐந்தாம், ஏழாம் பகுதிகளை நேரே படிக்கவேண்டும். அவை நீண்டவை அல்ல. பொதுவாசகரை நோக்கி ஹியூமே எளிமையாக்கி எழுதியவை. இளமையில் எழுதிய பெருநூல் எவரையும் எட்டவில்லை என்று கண்டு, அதே வாதத்தைக் கைவிடாமல் நடையை மட்டும் மாற்றி எழுதினார் அவர்.